கம்பிக்குக் கண் இல்லை: காட்டு உயிர்களும் நமது சமயமும்



இந்த முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. குடிநீரைப் பற்றியோ சேமிப்பைப் பற்றியோ எழுதினால் யாருக்கும் மனம் நோகாது. இதில் நோகலாம். எழுதும்போது எங்களுக்கும் நொந்தது. ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வீட்டில் ஒரு பிள்ளை உரக்க வாசிக்க, பெரியவர்கள் கேட்டு, பிறகு எல்லோரும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்று நினைத்ததால் எழுதுகிறோம்.

காட்டு மிருகங்களை நாம் எப்படி நடத்துகிறோம்? நமது இந்து சமயம் அதைப் பற்றி என்ன சொல்லுகிறது? இதுதான் பாடம். மற்ற மதத்துக் குடும்பங்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். கதைகள் எங்கள் சமயத்துக் கதைகளாக இருந்தாலும் காடு எல்லோருக்கும் பொதுதானே. அவர்களும் சேர்ந்து வாசிக்கலாம்.

மேல் டிவிசனில் நடந்தது

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசன் காட்டோரமாக இருக்கிறது. ஒரு நாள் காலையில் அங்கே கொழுந்து எடுக்கப் போன பெண்கள் கூடையோடு திரும்பி ஓடி வந்தார்கள். கானுக்கு மேலே மாணாப்புல்லுக்குள் ஏதோ உறுமுகிறது என்றார்கள். போய்த் தூரத்தில் நின்று பார்த்தோம். ஒரு சிறுத்தை. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அதன் இடுப்பைப் பிடித்திருந்தது. இழுக்க இழுக்க இறுகுவதுதான் அந்தக் கம்பியின் வேலை. இரவு முழுக்க இழுத்திருக்கிறது. சுற்றி இருந்த மண்ணெல்லாம் கிளறிக் கிடந்தது.

வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோம். அவர்கள் மிருக வைத்தியரோடு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துக் கம்பியை வெட்டி எடுத்தார்கள். அன்று இரவே அது செத்துப்போனது. பெண் சிறுத்தை. மடியில் பால் இருந்தது என்று வைத்தியர் சொன்னார். இரண்டு நாள் தேடியும் குட்டிகள் கிடைக்கவில்லை.

யார் கம்பி வைத்தது என்று கேட்டபோது லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் அழுத்திக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேல் டிவிசனில் பன்றி விழுந்தால் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. கம்பியில் விழுந்தது என்று தெரிந்துதான் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டோம். பிறகு எந்த வாயால் கேட்கிறது?

மூன்று கிழமை போனது. ஒரு நாள் காரியாலயம் மூடும் நேரத்தில் மேல் டிவிசனில் இருந்து ஒருவர் வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஐயா, அந்தக் கம்பிய வச்சது நான்தாங்க" என்றார். "வட்டிக்கு வாங்கி உருளைக்கிழங்கு போட்டேன். மூணு ராத்திரியில பன்னி வந்து பாதியத் தோண்டிப் போட்டிருச்சு. அதுக்குத்தாங்க வச்சேன். புலிக்கு வைக்கலீங்க. அந்தப் பாவம் எனக்கு வருமாங்க?"

எங்களுக்கு அந்த நேரம் பதில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, பேசுவோம்" என்று அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தோம். தெரியாததைக் கோயில் ஐயரிடமும் படித்தவர்களிடமும் கேட்டோம். அந்த மனிதருக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பாடம்.

பார்க்காமல் விட்ட அம்பு

இராமாயணத்தில் தசரத மகாராஜா இளைஞராக இருந்த காலத்துக் கதை ஒன்று உண்டு. நமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவருக்குச் சத்தத்தை மட்டும் கேட்டு, ஆளைப் பார்க்காமலேயே குறி தப்பாமல் அம்பு விடும் வித்தை தெரியும். மழைக்காலத்தில் ஓர் இரவு சரயு ஆற்றங்கரையில் வேட்டைக்குக் காத்திருந்தார். இருட்டில் தண்ணீர்ப் பக்கம் 'குடுகுடு' என்று ஒரு சத்தம். யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பை விட்டார்.

அது யானை இல்லை. கண் தெரியாத தாய் தகப்பனுக்குக் குடத்தில் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை. சிரவணன் என்று நாம் கதையில் கேட்ட பிள்ளை.

தசரதர் அந்தப் பிள்ளையைக் கொல்ல நினைக்கவில்லை. "நான் யானைக்குத்தான் விட்டேன்" என்று அவரும் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை. அந்தக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிழவரையும் கிழவியையும் தேடிப் போனார். "உங்கள் பிள்ளையைக் கொன்றவன் நான்" என்று தன் வாயாலேயே சொன்னார்.

அந்தத் தகப்பன் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். தெரியாமல் செய்தபடியாலும், நீயே வந்து சொன்னபடியாலும் இப்போதே அழியாமல் தப்பினாய் என்றார். அதே நேரம், நீயும் ஒரு நாள் பிள்ளையைப் பிரிந்த துக்கத்தில் சாவாய் என்றும் சொன்னார். இராமர் காட்டுக்குப் போனபோது அப்படியே நடந்தது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தெரியாமல் செய்ததும் தெரிந்து செய்ததும் ஒன்றில்லை. அதை நமது சமயம் ஒத்துக்கொள்ளுகிறது. ஆனால் பார்க்காமல் விட்ட அம்பு யார்மேல் விழுந்தாலும் அதற்கு விட்டவன்தான் பொறுப்பு. "தெரியாது" என்று சொல்லிக் கையைக் கழுவ முடியாது.

சுருக்குக் கம்பியும் அதே அம்புதான். துவக்கு வைத்திருக்கிறவனாவது எதிரில் நிற்பதைப் பார்த்துச் சுடுகிறான். கம்பி வைக்கிறவன் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிறான். அதற்குக் கண் இல்லை. பன்றி வந்தாலும் பிடிக்கும், மரை வந்தாலும் பிடிக்கும், கேளையாடு வந்தாலும், முள்ளம்பன்றி வந்தாலும், நாம் வளர்த்த நாய் வந்தாலும் பிடிக்கும். சிறுத்தையையும் பிடிக்கும். வைத்தவன் மறந்துபோனாலும் கம்பி மறக்காது. மாதக்கணக்கில் அங்கேயே காத்துக்கொண்டு இருக்கும்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே கம்பியில் அகப்பட்டது ஒரு கருஞ்சிறுத்தை. அதுவும் சாதாரண சிறுத்தையின் இனம்தான். தோல் மட்டும் கறுப்பு. அப்படி ஒன்று பிறப்பது மிகவும் அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. அந்தக் கம்பியும் கருஞ்சிறுத்தைக்கு என்று யாரும் வைத்த கம்பி இல்லை.

பன்றிக்கும் ஒரு தாய்

"சரி, சிறுத்தை பாவம். பன்றி அப்படியா? அது நம் வயிற்றில் அடிக்கிறது தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பன்றியின் தொல்லைக்குப் பின்னால் வருகிறோம். அதற்கு முன்னால் ஒரு கதை.

மதுரையில் சிவபெருமான் நடத்திய திருவிளையாடல்கள் அறுபத்து நான்கு என்று சொல்வார்கள். அதில் ஒன்று பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த கதை. பாண்டிய ராஜா காட்டுக்கு வேட்டைக்குப் போனார். அந்த வேட்டையில் ஆண் பன்றியும் பெண் பன்றியும் செத்துப்போயின. பன்னிரண்டு குட்டிகள் தாயில்லாமல் பசியில் கத்திக்கொண்டு கிடந்தன. அதைப் பார்த்துப் பொறுக்காமல் சுவாமியே தாய்ப்பன்றியாக உருவம் எடுத்து வந்து அந்தக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அழகான மானுக்கு இரக்கப்படுவது லேசு. மயிலுக்கும் கிளிக்கும் இரக்கப்படுவது லேசு. நாம் சீ என்று தள்ளுகிற பன்றிக்கு, அதுவும் சேற்றில் கிடக்கும் குட்டிக்கு, கடவுளே தாயாக வந்தார் என்று நம் முன்னோர் கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். மடியில் பாலோடு செத்துக்கிடந்த அந்தச் சிறுத்தையைப் பார்த்த அன்று எங்களுக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

நமது சமயத்தில் உயிருக்குப் பெரியது சின்னது என்ற பேதம் இல்லை. தாவரம், நீரில் வாழ்வது, ஊர்வது, பறவை, மிருகம், மனிதர், தேவர் என்று பிறவி ஏழு வகை. உயிர் இந்த ஏழிலும் மாறி மாறிப் பிறக்கிறது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில், புல்லாய்த் தொடங்கி எல்லாப் பிறவியும் பிறந்து களைத்துப்போனதாகத் தன்னைப் பற்றியே சொல்லுகிறார். தினமும் விளக்கு வைத்து அதைப் பாடுகிறோம். அப்படியென்றால் இன்று கம்பியில் துடிக்கிற உயிர் நாளை நம் வீட்டில் பிறக்கலாம். நாம் அந்தக் காட்டில் பிறக்கலாம்.

கோயிலுக்குப் போனாலும் இதே பாடம்தான். முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு மூஞ்சூறு, வைரவருக்கு நாய், ஐயப்பனுக்குப் புலி. சுவாமியைக் கும்பிடும்போது பக்கத்தில் நிற்கும் மிருகத்துக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுகிறோம்.

தர்மர் கண்ட கனவு

"அப்படியென்றால் வேட்டையே ஆடாத சமயமா நம்முடையது?" இல்லை. பொய் சொல்லக்கூடாது. கண்ணப்ப நாயனார் வேடர். அவர் படைத்த இறைச்சியைச் சிவபெருமான் ஏற்றுக்கொண்டார். ராஜாக்கள் வேட்டையாடினார்கள். நம் தோட்டத்துக் கோயில்களிலும் கிடாய் வெட்டும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. கொல்லாமைதான் உயர்ந்த தர்மம் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். எல்லோரும் அந்தப் படியில் நிற்கவில்லை. ஆனால் வேட்டையாடுகிறவனுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்லும் கதை மகாபாரதத்தில் வன பர்வத்தில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத கதை. எங்களுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

பாண்டவர்கள் நாட்டை இழந்து துவைத வனத்தில் இருந்தார்கள். கூட வந்தவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். தம்பிமார் தினமும் மான் வேட்டையாடினார்கள். ஓர் இரவு தர்மருடைய கனவில் மான்கள் வந்தன. நடுங்கிக்கொண்டு கண்ணீரோடு கை கூப்பி நின்றன.

"நீங்கள் யார்?" என்று தர்மர் கேட்டார்.

இந்தக் காட்டில் மிஞ்சியிருக்கிற மான்கள் நாங்கள் என்றன அவை. உங்கள் தம்பிமார் வீரர்கள். எங்களில் கொஞ்சம் பேர்தான் மிச்சம், விதைக்கு வைத்தது போல. இந்த விதையும் போனால் எங்கள் குலமே இல்லை. தயவு செய்து வேறு இடம் போங்கள், நாங்கள் கொஞ்சம் பெருகிக்கொள்கிறோம். இப்படிக் கேட்டன.

தர்மர் காலையில் எழும்பித் தம்பிமாரைக் கூப்பிட்டுக் கனவைச் சொன்னார். ஒரு வருஷமும் எட்டு மாதமும் இவற்றைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறோம், அவை சொல்வது நியாயம், இரக்கம் காட்ட வேண்டும் என்றார். தம்பிமாரும் மறுத்துப் பேசவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் காம்யக வனத்துக்குப் போனார்கள்.

நாட்டை இழந்து, வீட்டை இழந்து, பசியோடு காட்டில் கிடந்தவர்கள் அவர்கள். "எங்கள் கஷ்டமே பெரிசு, மானுடைய கஷ்டத்தை யார் பார்க்கிறது?" என்று சொல்லவில்லை. கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அடுத்தவர் கஷ்டம் தெரியும் போலிருக்கிறது.

விதை நெல்லை எந்தக் குடியானவனும் அவித்துத் தின்னமாட்டான். விதைக்கிழங்கை வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சமைப்போம். மான்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

விதைகூட மிஞ்சாத கதை

விதை போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. நாம் நிற்கிற இந்த மலையிலேயே பார்க்கலாம்.

நம் பாட்டன் முப்பாட்டன் தமிழ்நாட்டில் இருந்து வந்து, மன்னார்ப் பக்கம் கரை இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளை வந்தார்கள். வழியில் யானைக்கும் கரடிக்கும் காய்ச்சலுக்கும் பயந்து பயந்து வந்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்தக் காலத்தில் மலைநாட்டிலும் யானைகள் நிறைய இருந்தன. முதலில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிக்கு இலை நோய் வந்தது. கோப்பி அழிந்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. காட்டை வெட்டியது நம் ஆட்களின் கைதான். வெட்டச் சொன்னது வேறு ஆட்கள்.

பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக அந்தக் காலத்து எழுத்துகள் சொல்லுகின்றன. ஒரே மனிதர். சாப்பாட்டுக்காக இல்லை, விளையாட்டுக்காக. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அது தெய்வம் கொடுத்த தண்டனை என்று சொல்கிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். அவர் செத்தும் யானைகள் திரும்பி வரவில்லை. இன்று நம் பிள்ளைகள் யானை பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறிக் கீழே போக வேண்டும்.

இப்போது மலையில் மிஞ்சியிருக்கிற பெரிய மிருகங்களில் சிறுத்தை ஒன்று. நாட்டில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. காட்டுக்கு ராஜா என்றால் இங்கே சிறுத்தைதான். நாம் 'புலி' என்று சொல்வதும் இதைத்தான். இலங்கைச் சிறுத்தை தனி வகை. இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது. வளர்ந்த சிறுத்தைகள் நாடு முழுவதற்கும் ஆயிரத்துக்குக் குறைவு என்று ஆராய்ச்சி செய்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். தாய்ச் சிறுத்தை பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு குட்டிதான் போடும். ஒன்றரை, இரண்டு வருஷம் கூடவே வைத்து வளர்க்கும். ஒரு தாய் கம்பியில் போனால் எத்தனை உயிர் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காடும் புலியும்

மகாபாரதத்தில் விதுரர் என்று ஒரு புத்திசாலி. திருதராஷ்டிர ராஜாவுக்கு நல்ல புத்தி சொன்னவர். அவர் ஓர் உவமை சொன்னார். புலி இல்லாத காட்டை மனிதர் வெட்டிவிடுவார்கள். காடு இல்லாத புலியைக் கொன்றுவிடுவார்கள். ஆகவே காட்டைப் புலி காக்கிறது, புலியைக் காடு காக்கிறது என்றார். உன் பிள்ளைகள் காடு, பாண்டவர்கள் அதில் வாழும் புலிகள், இரண்டையும் பிரிக்காதே என்று ராஜாவுக்குப் புரியவைக்கச் சொன்ன பேச்சு அது. ராஜா கேட்கவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நமக்கும் இது பொருந்தும். சிறுத்தை என்ன சாப்பிடுகிறது? கேளையாடு, மரை, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றியின் குட்டி. நம் மரக்கறித் தோட்டத்தை அழிக்கிற அதே மிருகங்கள்தான். சிறுத்தை இல்லாமல் போனால் பன்றி குறையுமா, கூடுமா? பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை செத்தால், பன்றிக்குப் பகையாக இருந்ததை நாமே கொன்று பன்றிக்கு உதவி செய்த மாதிரி ஆகிறது.

காட்டுக்கும் நமக்கும் உள்ள சொந்தம் பீலித் தண்ணீரில் தெரியும். மேலே காடு இருக்கிற லயத்தில் வெயில் காலத்திலும் பீலி ஓடும். காட்டை வெட்டிய பக்கம் பெண்கள் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். மகாவலி, களனி, களு, வளவை எல்லாம் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. 2010இல் நமது மத்திய மலைநாட்டுக் காடுகளை உலக மரபுரிமைச் சொத்து என்று அறிவித்தார்கள். உலகம் காப்பாற்ற வேண்டியது என்று சொன்ன காடு நமது லயத்துக்குப் பின்னால் இருக்கிறது.

பன்றித் தொல்லைக்கு என்ன செய்வது?

கதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பன்றி போகாது. வட்டிக்கு வாங்கிப் போட்ட கிழங்கைப் பறிகொடுத்தவருக்குப் புராணம் சொல்வது பெரிய காரியம் இல்லை. வேறு வழியும் காட்ட வேண்டும். நாங்கள் பார்த்த அளவில் பலன் தந்தவற்றை எழுதுகிறோம்.

1. காட்டோரத்தில் கிழங்கு வகை போடுவதைக் குறையுங்கள். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளை ஆகியவை பன்றியைக் கூப்பிடும். அவற்றை லயத்துக்குக் கிட்டப் போட்டு, ஓரத்தில் வேறு பயிர் வையுங்கள்.

2. தனித்தனியாக வேலி போடாமல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து போடுங்கள். பழைய தகரத்தை மண்ணுக்குள் ஓர் அடி புதைத்து நிறுத்தினால் பன்றி கீழால் நுழைவது குறையும்.

3. விளைச்சல் நேரம் முறை போட்டுக் காவல் இருங்கள். தகர டின்னைத் தட்டினாலும் போதும்.

4. மிச்சச் சாப்பாட்டையும் குப்பையையும் லயத்துக்குப் பின்னால் கொட்டாதீர்கள். குப்பைக்குப் பன்றி வரும், நாய் வரும். நாய்க்குச் சிறுத்தை வரும்.

5. இரவில் நாயை இஸ்தோப்பில் கட்டிப்போடாமல் உள்ளே விடுங்கள். ஆடு, கன்றுக்குட்டிகளைக் கூரையும் கதவும் உள்ள பட்டியில் அடையுங்கள்.

6. காட்டோர மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். நிரையில் இறங்கும் முன் கையைத் தட்டிச் சத்தம் போடுங்கள். சிறுத்தை மனிதரைத் தேடி வருகிற மிருகம் இல்லை. திடுக்கிட்டாலும், குட்டி பக்கத்தில் இருந்தாலும்தான் பாயும். சத்தம் கேட்டால் விலகிப் போகும்.

7. தேயிலைச் செடிக்கு அடியில் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். அந்த மலையை அன்றைக்கு விட்டுவிட்டு நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

8. கம்பியில் மிருகம் அகப்பட்டிருந்தால் கிட்டப் போகாதீர்கள். கூட்டம் கூடாதீர்கள். உடனே தோட்டக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

9. மாணாப்புல்லுக்கு நெருப்பு வைக்காதீர்கள். நெருப்புக்கும் கண் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது குற்றம். அதன் தோல், பல், நகம் வைத்திருப்பதும் குற்றம். 2018 ஜூன் மாதம் கிளிநொச்சியில் ஊருக்குள் வந்த ஒரு சிறுத்தையை அடித்துக் கொன்று, அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அந்தப் படத்தை வைத்தே ஆட்களைப் பிடித்தார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் கம்பியை விட்டால், யாரும் பார்க்காத இரவில் மறுபடியும் வைப்போம். மனம் மாறினால்தான் கை மாறும்.

அந்த மனிதருக்குச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தசரதர் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப நானும் போய்ச் சொல்லணுமாங்க? யாருகிட்ட சொல்றது? அதுக்குத் தாய் தகப்பன் இல்லையே" என்றார்.

"எங்ககிட்ட சொல்லிட்டீங்க. அது ஒண்ணு" என்றோம். "மிச்சம் இருக்கிற கம்பி எத்தனை?"

அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. அன்றே அவரும், அவருடைய மூத்த மகனும், நாங்களுமாக மேலே போனோம். அவர் வைத்ததைக் கழற்றினோம். தேடத் தேட மற்றவர்கள் வைத்ததும் அகப்பட்டது. துருப்பிடித்துப்போன பழைய கம்பிகளும் இருந்தன. வைத்தவர் யாரோ, இன்றைக்கு இருக்கிறாரோ இல்லையோ, கம்பி இருந்தது. சாயங்காலம் உரச் சாக்கில் பாதி நிறைந்தது. அதற்குப் பிறகு கம்பிப் பன்றி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை.

பிறகு நாலு குடும்பம் சேர்ந்து அவருடைய காணியையும் சேர்த்துத் தகரம் அடித்தார்கள். அந்தப் போகத்தில் பன்றி வரவே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு தடவை வந்தது. கொஞ்சம் அழித்தது. ஆனால் மிச்சத்தை விற்று வட்டிக்காரருக்குக் கொடுத்தார். "பரவாயில்லைங்க ஐயா, அதுக்கும் ஒரு பங்கு போகட்டும்" என்றார். தர்மர் கதையை அவருக்கு நாங்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பேசிக்கொள்வதற்குக் கேள்விகள்

1. "பன்றிக்குத்தான் வைத்தேன், சிறுத்தைக்கு வைக்கவில்லை" என்பது எவ்வளவு தூரம் சரி? தசரதர் கதையை வைத்துப் பேசுங்கள்.

2. தர்மரின் கனவில் வந்த மான்கள் தங்களை ஏன் 'விதை' என்று சொன்னன? நம் மலையில் இப்போது விதையளவில் இருக்கிற உயிர்கள் எவை?

3. கம்பியில் அகப்பட்ட இறைச்சியை வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் பங்கு உண்டா?

4. உங்கள் லயத்துக்கு மேலே உள்ள காட்டில் இருந்து உங்களுக்கு என்னென்ன வருகிறது? பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

5. உங்கள் டிவிசனில் கம்பி கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியுமா? யார் யார் வருவார்கள்? போவதற்கு முன் தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டு, கூட்டாகவே போங்கள்.

உங்கள் பதில்களை நலன்புரிக் காரியாலயத்தில் கொடுங்கள். அடுத்த பாடத்தில் சந்திப்போம். எல்லா உயிரும் இன்புற்றிருக்க இறைவன் அருள் புரியட்டும்.